ஆங்கிலத்தில் 'ஓம்' சொல்வது எப்படி? யெஅ, யெப், ஓகே, ஷுவர்: முழுமையான வழிகாட்டி

கொழும்பில் இருக்கும் தமிழருக்கு ஓம் சொல்லச் சொற்பஞ்சம் இல்லை. யாழ்ப்பாணத்தாரும் மட்டக்களப்பாரும் ஓம் என்பார்கள். மலையகத்திலிருந்து வந்து கொட்டாஞ்சேனையில் குடியிருப்பவர் ஆமா என்பார். புறக்கோட்டையில் சாமான் வாங்கும்போது இதே ஆட்கள் சிங்களத்தில் ஒவ் என்றும் ஹரி என்றும் சரளமாகச் சொல்வார்கள். ஆங்கிலத்துக்கு மாறியதும்தான் சிக்கல். எல்லாவற்றுக்கும் ஒரே யெஸ். கொஞ்சம் பழகியவர்களிடம் யா.

அந்த யெஸ் பிழையில்லை. ஆனால் ஆங்கிலம் வீட்டு மொழியாக உள்ளவர்கள் சாதாரணப் பேச்சில் வேறு எத்தனையோ விதமாக உடன்படுகிறார்கள். நம் காதில் எல்லாம் ஒன்றுபோல விழும், உள்ளே பொருள் வேறு. லண்டனிலிருந்து கோல் எடுக்கும் கிளையன்ட் 'ஷுவர்' என்றாரா 'ரைட்' என்றாரா என்பதைப் பொறுத்து உங்கள் அன்றைய வேலையே மாறலாம்.

1. முதலில் தமிழில் பிரித்துப் பாருங்கள்

சொற்களை மனப்பாடம் செய்யும் முன் ஒரு காரியம். உடன்படுவதில் மூன்று வேலைகள் இருக்கின்றன, மூன்றுக்கும் தமிழில் தனித்தனிச் சொல் வைத்திருக்கிறோம்.

அம்மா போனில் ஊர்க்கதை சொல்லும்போது 'ம்... ம்...' என்று உம் கொட்டுகிறோம். கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்பதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை. 'கரண்ட் பில் கட்டியாச்சா?' என்றால் 'ஓம்'. நீங்கள் கேட்டது உண்மை என்று அர்த்தம். 'வரும்போது பாண் வாங்கிக்கொண்டு வா' என்றால் 'சரி'. செய்கிறேன் என்று பொறுப்பெடுக்கிறோம். பில் கட்டியாச்சா என்ற கேள்விக்கு யாரும் 'சரி' என்று பதில் சொல்வதில்லை, சின்னப் பிள்ளைகூடச் சொல்லாது.

ஆங்கிலத்தையும் இப்படியே பிரிக்கலாம். யெஸ், யெஅ, யெப் ஆகியவை ஓம் பக்கம். ஓகே, ஷுவர், ஓல்ரைட், ஃபைன் எல்லாம் சரி பக்கம். ம்-ஹ்ம், அ-ஹா, ரைட் மூன்றும் ம் பக்கம். எல்லைகள் ஆங்காங்கே கலங்கும், அதிலும் யெஅ எல்லாப் பக்கமும் போய்வரும். ஆனாலும் வாயைத் திறக்குமுன் 'இதைத் தமிழில் கேட்டால் ஓம் சொல்வேனா, சரி சொல்வேனா?' என்று பார்த்தால் பாதிக் குழப்பம் அங்கேயே தீரும்.

மனேஜர் கேட்கிறார்: 'டிட் யூ சென்ட் த ரிப்போர்ட்?' நீங்கள் அனுப்பியாயிற்று. இதற்கு 'ஓகே' என்றால், இனிமேல்தான் அனுப்பப் போகிறீர்கள் என்று அவர் எடுப்பார். 'யெஅ, ஐ டிட்' என்றால் விஷயம் முடிந்தது. அடுத்து 'கேன் யூ சென்ட் இட் டு ஃபைனான்ஸ் பை ஃபோர்?' என்கிறார். இது கேள்வி மாதிரி இருக்கிறதே தவிர, வேண்டுகோள். இதற்கு 'ஷுவர்' அல்லது 'ஷுவர், வில் டூ'.

2. ஓம் பக்கம்: யெஸ், யெஅ, யெப், யப்

கொழும்பில் எல்லோரும் சொல்லும் 'யா'வுக்கும் ஆங்கிலேயரோ அமெரிக்கரோ சொல்லும் 'யெஅ'வுக்கும் ஒலியில் வித்தியாசம் உண்டு. அவர்களுடையது 'யெஸ்'ஸின் 'யெ'யில் தொடங்கும். பிறகு நாக்கையும் தாடையையும் தளர்த்திவிட்டால் அது தானாக 'அ'வில் கரையும். 'யா' என்று வாயை முழுதாகத் திறப்பதில்லை. நம் யா எல்லோருக்கும் விளங்கும், அதை மாற்றியே ஆக வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் 'யா யா யா' என்று அடுக்கும் பழக்கத்தை விடுவது நல்லது. ஏன் என்று 6இல் வருகிறது.

யெப் சின்னச் சொல், ஆனால் தமிழ் வாய்க்குக் கொஞ்சம் பயிற்சி வேண்டும். தமிழ்ச் சொற்கள் க், ச், ட், த், ப் போன்ற வல்லின மெய்யில் முடிவதில்லை. அப்படி ஒரு சொல் வந்தால் பின்னால் ஒரு குட்டி உகரத்தை ஒட்டிவிடுவோம்: கப்பு, சோப்பு. அதே பழக்கத்தில் யெப்பும் 'யெப்பு' ஆகிவிடும். ஆங்கிலத்தில் கடைசி 'ப்'பில் உதடு மூடும், அநேகமாக அப்படியே மூடியே இருக்கும். ஒரு டிஷூத் துண்டை வாய்க்கு முன்னால் பிடித்துக்கொண்டு சொல்லிப் பாருங்கள். கடைசியில் டிஷூ ஆடினால் உகரம் ஒட்டியிருக்கிறது. ஆடாமல் நின்றால் சரி.

இந்த 'ப்' எங்கிருந்து வந்தது என்பதும் வாயிலேயே தெரியும். யெஅ சொல்லிவிட்டு, இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை என்று சட்டென்று உதட்டை மூடினால் யெப். நோவுக்கும் அதே கதி, நோப். இரண்டும் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்க எழுத்தில் தலைகாட்டியவை. உதட்டை மூடும் தன்மை பொருளிலும் இருக்கிறது. விவரம் கேட்காத சின்னக் கேள்விகளுக்குத்தான் யெப் பொருந்தும். 'கோட் யுவர் கீஸ்?' 'யெப்.' யாராவது மனம்விட்டு ஒரு கவலையைச் சொல்லும்போது யெப் என்றால், கதையை முடி என்பதுபோல ஆகிவிடும்.

யப்பும் அதேதான், இன்னும் கொஞ்சம் சோம்பல்.

3. சரி பக்கம்: ஓகே, ஓல்ரைட், ஷுவர், ஃபைன்

ஓகே பிறந்த இடம் ஒரு பகிடி. 1839 மார்ச் 23 அன்று பொஸ்டன் மோர்னிங் போஸ்ட் பத்திரிகையில் அது அச்சானது. அந்தக் காலத்தில் சொற்களை வேண்டுமென்றே பிழையாக எழுதி, அந்தப் பிழையின் முதலெழுத்துகளைச் சுருக்கமாகப் போடுவது பத்திரிகைக்காரர்களின் விளையாட்டு. எல்லாம் சரி என்று பொருள்படும் 'ஓல் கரெக்ட்' என்பதைக் கோணலாக எழுதிச் சுருக்கியதுதான் ஓகே. அடுத்த ஆண்டுத் தேர்தலில் ஜனாதிபதி மார்ட்டின் வான் பியூரனின் 'ஓல்ட் கின்டர்ஹூக்' என்ற பட்டப்பெயரோடு அது ஒத்துப்போக, ஆதரவாளர்கள் தூக்கிப் பிடித்தார்கள். பகிடி தங்கிவிட்டது. 1960களில் அலன் வோக்கர் ரீட் என்ற மொழியாராய்ச்சியாளர் பழைய பத்திரிகைகளைப் புரட்டி இதை நிறுவும்வரை ஆளுக்கொரு கதை சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

ஆகவே ஓகே பிறவியிலேயே சரி பக்கத்துச் சொல். அது நடுநிலையானது. சந்தோஷமும் இல்லை, சலிப்பும் இல்லை. ஷுவரில் கொஞ்சம் முகமலர்ச்சி இருக்கிறது. அமெரிக்கர்கள் நீங்கள் தாங்க்ஸ் சொன்னதற்கும் ஷுவர் என்பார்கள். பரவாயில்லை, இதில் என்ன இருக்கிறது என்பதுதான் அங்கே அர்த்தம். எதை உறுதிப்படுத்துகிறார் என்று தேட வேண்டாம்.

ஃபைனில் கவனம் தேவை. 'தட்ஸ் ஃபைன்' என்றால் ஒரு பிரச்சினையும் இல்லை. தனியாக, குரலை வெட்டி 'ஃபைன்' என்றால் 'சரி, உன் இஷ்டம்' என்று முகத்தைத் திருப்பிக்கொள்ளும் சரி.

ஒஃப் கோர்ஸில் அடிக்கடி கால் இடறும். 'கேன் யூ ஹெல்ப் மீ?' என்றதற்கு 'ஒஃப் கோர்ஸ்' என்றால் அன்பு, நம் 'கட்டாயம்' மாதிரி. ஆனால் 'இஸ் த ஒஃபிஸ் ஓப்பன் ஒன் சட்டர்டே?' என்ற தகவல் கேள்விக்கு 'ஒஃப் கோர்ஸ்' என்றால் 'இதுகூடத் தெரியாதா?' என்று கேட்கும். மரியாதையாகச் சொல்கிறோம் என்று நினைத்து வாடிக்கையாளரைச் சின்னதாகக் குட்டிவிடுகிறோம். சரி வரும் இடத்தில் மட்டும் ஒஃப் கோர்ஸ், ஓம் வரும் இடத்தில் 'யெஸ், இட் இஸ்'.

4. ம் பக்கம்: வாய் திறக்காத ஓம்கள்

தமிழில் ஒருவர் 'ம்ஹூம்' என்றால் இல்லை. ஆங்கிலத்தில் 'ம்-ஹ்ம்' என்றால் ஓம். எழுத்தில் பார்த்தால் இரண்டும் இரட்டைப் பிள்ளைகள், ஆகவே இதைக் காதால்தான் படிக்க வேண்டும். ஆங்கில ம்-ஹ்ம்மில் குரல் கீழிருந்து மேலே ஏறும், நடுவில் மெல்லிய ஹ் காற்று. நம் ம்ஹூம் மேலே தொடங்கிக் கீழே விழும், கூடவே தலையும் ஆடும். நேரில் தலை காப்பாற்றிவிடும், போனில் தலை தெரியாது.

வாயைச் சற்றுத் திறந்து சொல்லும் அ-ஹாவும் அப்படியே. குரல் ஏறினால் ஓம். ஹ் இல்லாமல், தொண்டையை நடுவில் ஒரு கணம் அடைத்து, 'அ'வை இரண்டு முறை வெட்டி இறக்கினால் இல்லை. கோலில் சந்தேகமாக இருந்தால் மூக்கொலிகளை நம்ப வேண்டாம், 'ஸோ தட்ஸ் எ யெஸ்?' என்று கேட்டுவிடுங்கள். யாரும் தப்பாக எடுக்கமாட்டார்கள்.

ரைட் என்பதும் இந்தப் பக்கம்தான் அதிகம் நிற்கும். கிளையன்ட் நீங்கள் விளக்கும்போது 'ரைட்... ரைட்...' என்றால் உங்கள் விலையை ஒப்புக்கொண்டார் என்று துள்ள வேண்டாம். அவர் உம் கொட்டுகிறார், அவ்வளவுதான். நம் பக்கத்திலும் இதே வில்லங்கம் இருக்கிறது. நாம் உம் கொட்டுவதாக நினைத்து 'யெஸ், யெஸ், ஓகே' என்று இடையிடையே போடுவோம். மறுமுனை அதையெல்லாம் ஒப்புதலாகக் குறித்துக்கொள்ளும். பிறகு 'வெள்ளிக்கிழமை தருகிறேன் என்றீர்களே' என்று கேள்வி வரும். கேட்டுக்கொண்டிருப்பதைக் காட்ட ம்-ஹ்ம், ரைட், 'ஐ ஸீ' போதும். யெஸ்ஸையும் ஓகேயையும் உண்மையில் ஒப்புக்கொள்ளும்போது எடுங்கள்.

விமானிகளுக்கு இந்தக் கலப்படமே கிடையாது. கட்டுநாயக்கவில் இறங்கும் விமானி கட்டுப்பாட்டுக் கோபுரத்துக்குச் சொல்லும் 'ரொஜர்', நீங்கள் சொன்னது முழுவதும் கிடைத்தது என்பதற்கு மட்டும். செய்கிறேன் என்றால் 'வில்கோ'. ஓம் என்றால் 'அஃபர்ம்'. ஓமா இல்லையா என்ற கேள்விக்கு ரொஜர் என்று பதில் சொல்லக் கூடாது என்பது வானொலிப் பேச்சு விதி. ம், சரி, ஓம் மூன்றையும் அவர்கள் சட்டம் போட்டே பிரித்து வைத்திருக்கிறார்கள். ரொஜர் என்ற பெயர் வந்தது, ரிசீவ்ட் (கிடைத்தது) என்பதன் முதலெழுத்தான ஆருக்கு, வானொலியில் எழுத்துகளைப் பெயர் வைத்துச் சொல்லும் பழைய குறியீட்டில் அந்தப் பெயர் இருந்ததால். 1950களிலிருந்து அந்த எழுத்துக்கு ரோமியோ என்று பெயர், ஆனால் ரொஜர் போகவில்லை.

5. 'இல்லையா?' என்று முடியும் கேள்விகள்

நேரம் இல்லாதவர்கள் இந்தப் பகுதியை மட்டுமாவது படியுங்கள். சொந்த ஆங்கிலம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் இதில் தடுமாறாத தமிழர் குறைவு.

'இன்னும் ஃபைல் கிடைக்கவில்லையா?' என்று தமிழில் கேட்டால் 'ஓம், கிடைக்கவில்லை' என்கிறோம். கேட்டவர் சொன்னது சரி என்று ஒப்புக்கொண்டு, பிறகு விஷயத்தைச் சொல்கிறோம். அதே வேகத்தில் 'யூ ஹேவ்ன்ட் கோட் த ஃபைல்?' என்ற கேள்விக்கு 'யெஸ்' என்றால், கிடைத்துவிட்டது என்று ஒருவர் எடுப்பார், கிடைக்கவில்லை என்று இன்னொருவர் எடுப்பார். ஆங்கிலத்தில் யெஸ், நோ இரண்டும் கேள்வியைப் பார்ப்பதில்லை, நடந்ததைப் பார்க்கின்றன. கிடைத்திருந்தால் யெஸ். கிடைக்கவில்லை என்றால் நோ. கேள்வி எப்படித் திரும்பி வந்தாலும் இதுதான் கணக்கு.

வழி இது: 'இல்லை'யைக் கேள்வியிலிருந்து மனதுக்குள் உருவி எறியுங்கள். மிச்சக் கேள்விக்குப் பதில் சொல்லுங்கள். சொன்னதோடு நிற்காமல் ஒரு வாலையும் ஒட்டுங்கள்: 'நோ, ஐ ஹேவ்ன்ட்', 'நோ, நொட் யெட்', 'யெஸ், ஐ ஹேவ்'. வால் இருந்தால் முன்னால் வந்த யெஸ்ஸோ நோவோ தடுமாறினாலும் பொருள் தப்பாது.

கேட்டவர் சொன்னதை அப்படியே ஒப்புக்கொள்ள ஆசையாக இருந்தால் அதற்கும் சொல் உண்டு: 'கரெக்ட்', 'தட்ஸ் ரைட்'. இவை நடந்ததை விட்டுவிட்டு, அவர் சொன்ன வாக்கியத்தைத் தொட்டுப் பேசுபவை. 'ஸோ யூ ஹேவ்ன்ட் கோட் இட்?' 'தட்ஸ் ரைட், நொட் யெட்.' நம் 'ஓம், கிடைக்கவில்லை' ஆங்கிலத்தில் உட்காரும் இடம் அதுதான்.

இந்தக் குழப்பத்துக்கு நாம் கூச வேண்டியதில்லை. ஆங்கிலேயரே ஒரு காலத்தில் இதற்காக நான்கு சொற்கள் வைத்திருந்தார்கள். 'வருகிறாயா?' என்ற நேர்க் கேள்விக்கு யே அல்லது நே. 'வரவில்லையா?' என்ற எதிர்மறைக் கேள்விக்கு யெஸ் அல்லது நோ. அப்போது யெஸ் என்றாலே 'இல்லை இல்லை, வருகிறேன்' என்று மறுத்துச் சொல்லும் ஓம். இந்த வித்தியாசத்தைச் சரியாகக் கையாளவில்லை என்று 1532இல் தோமஸ் மோர், பைபிளை மொழிபெயர்த்த வில்லியம் டின்டேலைக் கண்டித்து எழுதினார். பிறகு நான்கு இரண்டாகச் சுருங்க, யெஸ் எல்லா வேலையையும் தலையில் போட்டுக்கொண்டது. பிரெஞ்சில் 'ஸி', ஜெர்மனில் 'டொஹ்' என்று அந்த மறுத்துச் சொல்லும் ஓம் இன்றும் இருக்கிறது.

இதே குடும்பத்தில் 'டூ யூ மைன்ட்' கேள்விகள். 'டூ யூ மைன்ட் இஃப் ஐ சிட் ஹியர்?' என்பதன் உள்ளே இருப்பது 'உங்களுக்கு ஆட்சேபணையா?' என்பது. யெஸ் என்றால் ஆட்சேபணை. ஆகவே 'நோ, கோ அஹெட்', 'நொட் அட் ஓல்'. நடைமுறையில் ஆங்கிலேயரே பல நேரம் 'ஷுவர், கோ அஹெட்' என்றுவிடுவார்கள். கோ அஹெட் இருப்பதால் தப்பு நேராது.

6. ராகமும் இரட்டிப்பும்

'சாப்பிட்டாச்சா?' என்று கேட்டால் 'ஓமோம்' என்பது நமக்கு அன்பான பதில். ஆங்கிலத்தில் 'யெஸ், யெஸ்' அல்லது 'ஓகே, ஓகே' என்று கெதியாக இரட்டித்தால் 'தெரியும், நிறுத்து' என்ற பொறுமையின்மை வந்துவிடும். யா யா யாவும் இதில் சேர்ந்ததே. அழுத்திச் சொல்ல விரும்பினால் இரட்டிக்காமல் சொல்லை மாற்றுங்கள்: 'டெஃபினிட்லி', 'அப்சொலூட்லி'.

குரல் இறங்கி முடியும் யெஅ, முடிந்த பதில். ஏறி முடிந்தால் 'அப்படியா, மேலே சொல்' என்று கேட்கிறார். 'யெஅஅஅ...' என்று நடுவில் வளைந்து இழுபட்டால் அடுத்து ஒரு 'பட்' வரப்போகிறது, காத்திருங்கள். இழுத்த ஓகேயும் சந்தேகம்தான்.

'யெஅ, ரைட்' என்று சப்பென்று சொன்னால் நக்கல். நம் 'ஓமோம், நீ சொன்னால் சரி' மாதிரி.

'ஐ நோ' என்ற பதிலையும் இங்கே சேர்க்க வேண்டும். 'இட்ஸ் ஸோ ஹொட் டுடே' என்றதற்கு ஒருவர் 'ஐ நோ!' என்றால், எனக்குத் தெரியும் என்று பெருமையடிக்கவில்லை. 'ஓம் என்ன!' என்று கூடச் சேர்ந்து அலுத்துக்கொள்கிறார்.

வீடியோ கோலில் ஒரு கூடுதல் கவனம். நம் பக்கவாட்டுத் தலையாட்டல் நமக்குச் சரி, வெள்ளைக்காரருக்கு அது ஓமா இல்லையா என்று விளங்காது. ஆட்டுங்கள், ஆனால் கூடவே வாயாலும் சொல்லுங்கள்.

7. யாரிடம் எது

விசா நேர்காணல், நீதிமன்றம், பதிவாகும் வங்கிக் கோல், காப்புறுதி ஒப்புதல்: இங்கெல்லாம் முழு யெஸ், வாலோடு. 'யெஸ், தட்ஸ் கரெக்ட்.' இவ்விடங்களில் யெப்புக்கு வேலையில்லை.

வேலை நேர்முகத்தில் தொடக்கம் யெஸ். எதிரில் இருப்பவர் யெஅ என்று பேச ஆரம்பித்தால் நீங்களும் தளரலாம், அவருக்கு முன்னால் வேண்டாம். ஐஎல்ட்ஸ் பேச்சுத் தேர்வு வேறு. அங்கே பார்ப்பது சரளம், சொல்வளம், இலக்கணம், உச்சரிப்பு என்ற நான்கை. யெஅ சொன்னதற்காக வெட்டுவதற்குத் தனிப் பிரிவு இல்லை. ஆனால் யெஅவோடு பதிலை முடித்தால் அந்த நான்கில் எதையும் நீங்கள் காட்டவில்லை.

கோட்டையிலோ தெமட்டகொடையிலோ இருந்து வெளிநாட்டு வாடிக்கையாளரோடு கதைப்பவர்களுக்கு: குளிர்காலத்தில் இங்கே பிற்பகல் 2.30 என்றால் லண்டனில் காலை 9. கோப்பி முடியாத மனிதரிடம் 'யெஸ் சேர், யெஸ் சேர்' என்று அடுக்க வேண்டாம். பெயரைச் சொல்லி 'ஷுவர், மார்க்' என்பதே அங்கே மரியாதை. உள்ளூர் பொஸ்ஸிடம் நிலைமை வேறு, அவரிடம் சேரை விடச் சொல்லி நான் உங்களை மாட்டிவிடமாட்டேன்.

8. எழுத்திலும் சொந்தக்காரரிடமும்

ஈமெயிலில் 'நோட்டட்' கொழும்பு ஒஃபிஸ்களில் ஓடும் சொல். அது ம் பக்கம். செய்வீர்களா என்று தெரியாது. செய்வதாக இருந்தால் 'வில் டூ' அல்லது 'சவுண்ட்ஸ் குட், ஐல் சென்ட் இட் டுடே'. வட்ஸ்அப்பில் கே என்ற ஒற்றை எழுத்தைத் தனியாக அனுப்பினால் கோபமாக எடுப்பவர்கள் உண்டு. அதையே இரண்டு முறை தட்டினால் சிநேகம். ஓகேக்குப் பின்னால் முற்றுப்புள்ளி வைத்தாலும் இளசுகள் 'என்ன கோபமா?' என்று கேட்பார்கள்.

வெளிநாட்டுச் சொந்தம் நமக்கு எல்லாத் திசையிலும் இருப்பதால் ஊர் வழக்குகளும் காதில் விழும். ஸ்கொட்லாந்தில் 'ஐ' என்றால் ஓம். அயர்லாந்தில் 'கிராண்ட்' என்றால் சரி, பிரமாண்டம் ஒன்றும் இல்லை. மெல்பர்னில் இருக்கும் மச்சான் 'யெஅ, நா' என்று தொடங்கினால் கடைசியாக வந்த சொல்லைப் பிடித்துக்கொள்ளுங்கள், அநேகமாக அவர் வரமாட்டார். 'நா, யெஅ' என்றால் வருவார். லண்டன் பிள்ளைகள் 'சேஃப்' என்று சொன்னால் சரி, நன்றி இரண்டும் அதில் அடக்கம். டொரொன்டோ மருமகன் நீங்கள் 'ஏழு மணிக்குக் கோல் எடு' என்று அனுப்பியதற்கு 'பெட்' என்று ஒற்றைச் சொல்லில் பதில் போட்டால் பந்தயம் ஒன்றும் கட்டவில்லை, ஏழு மணிக்கு எடுப்பான். அதை அவனிடமே விட்டுவிடுங்கள். நாற்பது தாண்டியவர்கள் மனேஜருக்கு 'பெட்' என்று எழுதினால் நன்றாக இருக்காது.